கடைசிப் பீரியட்

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், மதியம் இரண்டு மணிக்கு, கணினி என்னை யாரென்று கேட்டது. பதினான்கு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்து முதுகு வளைந்தவன் நான். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடித்தேன். அது அதை வாங்கிக்கொண்டு, போதாது என்பதுபோல இன்னொரு பெட்டியைக் காட்டியது. 'உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணை இடவும்.' என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். 'வரும்போது பல்பு' என்று வீட்டிலிருந்து வந்த செய்தியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

நான் கணக்கு ஆசிரியன். ஆனால் இந்தப் பள்ளியில் என் ராஜ்ஜியம் கால அட்டவணைதான். இருபத்து நான்கு வகுப்புகள், முப்பத்தெட்டு ஆசிரியர்கள், நாளுக்கு எட்டுப் பீரியட், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினிக் கூடம். யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போடுவது என் வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கட்டம் சார். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு காதில் விழும்படியே சொல்வார்கள். கோபப்படுவதுபோல் நடிப்பேனே தவிர, எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்த அட்டவணை இப்போது கணினிக்குள் இருந்தது. நான் வெளியே இருந்தேன். நாளைக் காலை எட்டே முக்காலுக்கு மணி அடித்தால் மற்ற முப்பத்தேழு பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இது யார் செய்த வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கணினி ஆசிரியை. முன்பெல்லாம் இந்தக் கணினியின் கடவுச்சொல் ஊருக்கே தெரியும். திரையின் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தோம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் திரை முழுக்க ஓர் ஆட்டின் படம். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. நிர்வாகம் பயந்துபோய், உள்ளே நுழையும் முறையை மாற்றச் சொல்லி உத்தரவு போட்டது. கணினி ஆசிரியை என்னிடம் வந்து நின்றார்.

“சார், உங்க போன் நம்பர் வேணும். இனிமே பாஸ்வேர்டோட சேத்து ஒரு நம்பரும் கேக்கும். அது உங்க போனுக்குத்தான் வரும்.”

“என் நம்பர் எதுக்கு? கடன் வேணுமா, வீடு வேணுமான்னு தினம் பத்துப் பேர் ஏற்கெனவே உயிரை எடுக்கிறாங்க. பத்தாததுக்குக் கம்ப்யூட்டர் வேறயா?”

“இது அந்த மாதிரி இல்ல சார்.”

“எந்த மாதிரியா இருந்தாலும் வேண்டாம்.”

அவர் வாதாடவில்லை. “சரி, இப்போதைக்கு என் நம்பரைப் போட்டு வைக்கிறேன். இந்த மெஷின்ல முப்பது நாளைக்குக் கேக்காது. அதுக்குள்ள மாத்திக்கலாம்” என்றார். நான் தலையைத் தூக்காமலே சரி என்றேன். விடுமுறை நாற்பது நாள் என்பதை முப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குக் கணக்கு அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஆக, நான் உள்ளே போக வேண்டுமானால் அவருடைய கைப்பேசிக்கு வரும் எண் வேண்டும். அவரோடு நான் பேசி நாற்பது நாள் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் என் வாய்.

அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும், ஆனால் பேச்சு மட்டும் முழுதாக வரவில்லை. பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஒரு வருடம் காத்திருந்து இடம் வாங்கினார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், மூன்றே காலுக்கு. வேறு நேரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். கணவருக்கு வேறு ஊரில் வேலை. பள்ளியில் கடைசிப் பீரியட் இரண்டு ஐம்பதுக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். அந்த இரண்டு நாள் மட்டும் கடைசிப் பீரியடைக் காலியாக விட முடியுமா என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

முடியாது என்றேன். அந்த நாட்களில் கடைசிப் பீரியட் பத்தாம் வகுப்புக்குக் கணினிக் கூடம். பத்தாம் வகுப்பில் எதைத் தொட்டாலும் நாலு வகுப்பு இடிக்கும். இரண்டாவது முறை கேட்டார், அப்போதும் முடியாது என்றேன். மூன்றாவது முறை ஆசிரியர் அறையில், எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “டைம்டேபிள் என்ன உங்க வீட்டு காலண்டரா, உங்க இஷ்டத்துக்குக் கிழிக்கிறதுக்கு?” என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் டீயைக் குடித்து முடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார். மறுநாள், பள்ளியின் கடைசி நாளில், ராஜினாமாக் கடிதம் தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போயிற்று.

தலைமை ஆசிரியை அதை இழுப்பறையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “நல்லா சொல்லிக் குடுக்கிற பொண்ணு. ஸ்கூல் திறக்கிற அன்னைக்குத்தான் இதை நிர்வாகத்துக்கு அனுப்புவேன். அதுக்குள்ள இன்னொரு தடவை பாருங்களேன்” என்றார். “பாத்துட்டேன் மேடம், வழியே இல்ல” என்றேன். பொய் சொல்லவில்லை. வழி இல்லை என்றுதான் நான் நிஜமாகவே நம்பினேன்.

இந்த லட்சணத்தில் நான் எப்படி அவரைக் கூப்பிடுவது? நானே திறந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஆறு இலக்கம்தானே. என் பிறந்த தேதியைப் போட்டேன். தவறு என்றது. பள்ளி தொடங்கிய தேதியைப் போட்டேன். தவறு. பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டுகிறவன், மூன்றாவதாக ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு என்று அடித்தேன். கணினி பதினைந்து நிமிடத்துக்கு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. நான் கணக்கு வாத்தியார் என்பதைத் தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். “என்ன சார், பிரிண்ட் ஆயிடுச்சா?”

விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் கூப்பிட்டுக் கேட்டால் நன்றாக இருக்கும் என்று இழுத்தேன்.

“நான் எதுக்கு? சண்டை போட்டது நீங்க, நம்பர் வேணுங்கிறதும் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டேன். மணி அடித்துத் துண்டிக்கப்பட்டது. வேண்டுமென்றேதான் துண்டிக்கிறார், என்னைத் தவிக்கவிட்டுப் பார்க்கிறார் என்று மனது கறுவியது. அரை நிமிடத்தில் செய்தி வந்தது. 'பாப்பாவோட பயிற்சி வகுப்புல இருக்கேன் சார். லீவுன்றதால தினமும் வரச் சொல்லியிருக்காங்க. பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்.' கறுவிய மனது வாயை மூடிக்கொண்டது. காலி வகுப்புகளின் நடைவழியில் இப்படியும் அப்படியும் நடந்தேன். பெஞ்சுகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

சொன்னபடி பத்தாவது நிமிடத்தில் கூப்பிட்டார். “சொல்லுங்க சார்.” குரலில் கோபமும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

“அது ஒரு நம்பர் கேக்குது.”

“ஓ, முப்பது நாள் முடிஞ்சிருக்கும். நான்தான் லீவுக்கு முன்னாடி ஞாபகப்படுத்தியிருக்கணும். பாஸ்வேர்டைப் போடுங்க, எனக்கு வரும்.”

தவறு என் பேரில் இருக்க, அவர் தன் பேரில் எழுதிக்கொண்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. பதினைந்து நிமிடப் பூட்டு அதற்குள் விலகியிருந்தது. கடவுச்சொல்லை இட்டேன். அவருக்கு எண் வந்தது, படபடவென்று சொன்னார். நான் ஒற்றை விரலில் ஒவ்வோர் எண்ணாகத் தேடி, கண்ணாடியைச் சரிசெய்து, கடைசி எண்ணை மறந்து, மறுபடி கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது கணினி.

“பரவால்ல சார், இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க. இந்தத் தடவை மெதுவா சொல்றேன்.”

மறுபடி அனுப்பச் சொன்னேன். “எட்டு” என்றார். அதன் பின்னாலேயே இன்னொரு குரல், சின்னக் குரல், “எ…த்து” என்றது.

“சாரி சார், பாப்பா பக்கத்துல இருக்கா. இப்பதான் நம்பர் பழகிட்டிருக்கா, நான் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லுவா. தள்ளிப் போயிடுறேன்.”

“வேணாம், வேணாம். அவளே சொல்லட்டும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அம்மா அவசரப்படுத்தவில்லை. “மூ…” என்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி, “மூ…ணு” என்று வந்து சேர்ந்தது. நான் மூன்றை அழுத்தினேன். அடுத்து சைபர். அது அவளுக்கு வரவே இல்லை. இரண்டு தடவை முயன்று விட்டுவிட்டாள். பிறகு ஐந்து, மறுபடி ஐந்து, கடைசியில் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்தச் சின்னக் குரல் மலை ஏறுவதுபோல ஏறி இறங்கியது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எண்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஓர் எண்ணைச் சொல்ல இவ்வளவு பாடுபடும் பிள்ளையின் குரலை அன்றுதான் கேட்டேன்.

கணினி திறந்தது.

“திறந்துடுச்சு” என்றேன்.

“நல்லது சார். அப்படியே இப்பவே உங்க நம்பரைப் போட்டுடுங்க. நாளையிலேருந்து நான் இருக்க மாட்டேன், ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத்தான் சிரமம்.”

எங்கே அழுத்த வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னார். தன் எண்ணை நீக்கும் இடத்தையும் அவரே காட்டினார். நீக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். என் கைப்பேசிக்கு முதல்முறையாக ஆறு இலக்க எண் வந்தது. அவர் வைத்துவிட்டார். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

அட்டவணைக் கோப்பைத் திறந்தேன். அச்சிட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் திரையின் அடியில், கோப்பிலுள்ள தாள்களின் பெயர் வரிசையைக் கவனித்தேன். நான் போட்டது ஒரே ஒரு தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. 'செவ்வாய் வியாழன்' என்று பெயர். பள்ளியின் கடைசி நாள் மாலையில் சேமிக்கப்பட்டது. நான் மதியமே வீட்டுக்குப் போய்விட்ட நாள் அது.

என் அட்டவணையின் நகல்தான். எங்கே மாறியிருக்கிறது என்று முதல் பார்வைக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இரண்டே இரண்டு இடமாற்றம். செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பு 'அ' பிரிவுக்குக் கடைசிப் பீரியடில் இருந்த கணினி முதல் பீரியடுக்கு வந்திருந்தது. முதல் பீரியடில் இருந்த பாடம் கடைசிக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை 'ஆ' பிரிவுக்கும் அதேபோல. வேறெதுவும் அசையவில்லை.

இடிக்கும், கட்டாயம் எங்கேயோ இடிக்கும் என்று தேடினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடினேன். கணினிக் கூடம் அந்த நேரம் காலி. அவருக்கும் அந்த நேரம் வேறு வகுப்பு இல்லை. முப்பத்தெட்டு வரிசையையும் விரல் வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடம் பார்த்தும் ஓர் இடிப்பும் அகப்படவில்லை.

கடைசிக்குத் தள்ளப்பட்ட பாடம் கணக்கு. ஆசிரியர், நான்.

என் அட்டவணையில் ஒரு பழக்கம் உண்டு. மாற்றக்கூடிய கட்டங்களுக்கு மஞ்சள், மாற்றக்கூடாதவற்றுக்குச் சாம்பல். என் வரிசை எப்போதும் சாம்பல்தான். காலையில்தான் மூளை விழித்திருக்கும், ஆகவே கணக்கு காலையில்தான் என்று சட்டம் போட்டவன் நான். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அதன் பலனாக ஐந்து நாளும் கடைசிப் பீரியட் எனக்குக் காலி. நோட்டுத் திருத்துகிறேன் என்று பேர். பாதி நாள் கூட்டம் சேருவதற்கு முன் பேருந்தில் ஜன்னலோரம் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் இரண்டு நாள் கேட்டதை நான் பதினான்கு வருடமாக ஐந்து நாளும் அனுபவித்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு காரணமும் இல்லாமல்.

வழியே இல்லை என்று நம்பினேன் என்றேனே, அந்த நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. முப்பத்தேழு பேரின் வரிசைகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறேன். முப்பத்தெட்டாவது ஒன்று இருப்பதே என் கண்ணில் படவில்லை.

அந்த இரண்டாவது தாளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். “மேடம், அந்த லெட்டரை அனுப்ப வேண்டாம்.”

தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? நீங்க மனசு வெச்சா முடியும்னு எனக்குத் தெரியும்.”

அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. “இது நான் போட்டதில்ல மேடம். அவங்க போட்டது. லீவு விட்ட அன்னைக்கே போட்டு வெச்சிருக்காங்க” என்றேன்.

“அப்போ வழியே இல்லன்னு சொன்னீங்களே, எது தடுத்துச்சு?”

“நான்தான் மேடம்.”

அவர் இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை எடுத்து, என் கையிலேயே கொடுத்தார். “அப்போ நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க.”

நடைவழியில் நின்று கூப்பிட்டேன். உடனே எடுத்தார். “என்ன சார், மறுபடி பூட்டிக்கிச்சா?”

“இல்ல. உங்க தாளைப் பாத்தேன்.”

மறுபக்கம் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. “அதை அழிச்சிடணும்னு நெனச்சேன் சார். மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பு என்னோடதுதான். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க. உங்க லெட்டர் போகல, நாளையிலேருந்து உங்க தாள்தான். ஆனா இவ்வளவு சுலபமா ஒரு வழி இருக்குன்னு ஏன் என்கிட்ட காட்டல?”

“காட்டணும்னுதான் போட்டேன் சார். போட்டு முடிச்சதும், இது உங்க பீரியடை எனக்குக் குடுங்கன்னு கேக்கிற மாதிரி ஆயிடுதேன்னு தோணிச்சு. மூணு தடவை கேட்டாச்சு. நாலாவது தடவை கேக்க வாய் வரல. கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?”

குடுத்திருப்பேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இன்றைக்கு இருக்கும் மனதை அன்றைக்கும் இருந்ததாகக் காட்டிவிடலாம். ஆனால் நாற்பது நாளுக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்திருப்பான்.

“மாட்டேன்” என்றேன்.

“தெரியும் சார்” என்றார். அவர் குரல் கசக்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

பிறகு அவரே கேட்டார். “நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. முதல் பீரியட் எனக்குத்தானே?”

“ஆமா. உங்களுக்குத்தான்.”

“அப்போ சீக்கிரமே வந்து லேபைத் திறந்து வைக்கணும்” என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.